இக்னேசியஸ் பிட்டரின் வலதுகை

ஊசிமலைத் தோட்டத்தில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் முதலில் எழும் பேச்சு, "இக்னேசியஸக் கூப்புடு" என்பதாகத்தான் இருக்கும். அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் கடைசித் தோட்டம் அது. அதற்கப்பால் காடுதான். பழுதென்று ஆளனுப்பி நுவரெலியாவிலிருந்து ஒருவரை வரவழைப்பதற்குள் வாடப்போட்ட கொழுந்து புளித்துவிடும். ஆகவே கொழுந்து அரைக்கும் ரோலரானாலும் சரி, தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயாவின் சுவர்க்கடிகாரமானாலும் சரி, கோயில் மணியின் நாக்கானாலும் சரி, எல்லாம் இக்னேசியஸின் கைக்குத்தான் வரும்.

ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அவனுக்கு இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. லயம் என்ற வரிசை வீடுகளின் கோடியில், தனி அடுப்படியுள்ள காம்பரா வீடு. மனைவி சுகிர்தம் தோட்டத் துரையின் பெரிய பங்களாவில் சமையலுக்கு ஒத்தாசை. அம்மியில் அரைப்பதும், விறகு பிளப்பதும், வெந்நீர் அண்டாவை இறக்குவதும் அவள் பாடு. ஒரே மகள் செசிலி. குறை சொல்ல இடமில்லாத வாழ்க்கை என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் ரோலரை ஓட்டும் வார் அறுந்து சாட்டை மாதிரி வந்து அவன் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள், எலும்பும் கூடிவிட்டது. தழும்பு மட்டும்தான் மிச்சம் என்று அவனும் நினைத்தான். ஆனால் ஓரிரண்டு வருஷம் போனபின், ஓட்டைப் பானையில் தண்ணீர் இறங்குவதுபோல அந்தக் கையிலிருந்து பலம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. வலி கிடையாது. பார்வைக்கு விரல்களும் நன்றாகவே இருந்தன. இறுக்கிப் பிடித்தால் மட்டும் பிடி நிற்காது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, கைப்பலத்துக்குப் பதில் உடம்புப் பாரத்தைப் போட்டுத் திருகினான். சுத்தியலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். கேட்டவர்களிடம், ரெண்டு கையும் பழகியிருந்தால்தான் பிட்டர் என்று சிரித்துச் சமாளித்தான். பிட்டருக்குக் கை போனால் என்ன மிஞ்சும்? மண்வெட்டி பிடிக்கவும் அதே கைதானே வேண்டும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்துபோய் எதையாவது எண்ணெய் போட்டுத் துடைப்பான்.

ஐம்பத்தேழில் பென்ரோஸ் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. நெட்டைத் துரை என்று ஆட்கள் அவருக்குப் பேர் வைத்திருந்தார்கள். மனைவி மக்கள் கிடையாது. இந்த மலைக்கே முப்பது வருஷத்தைக் கொடுத்தவர். வாதம் பிடித்து இரண்டு கை விரல்களும் இஞ்சிக் கிழங்குபோல் முறுக்கிக்கொண்டிருந்தன. பொட்டி கட்டும் வேலை தொடங்கிய நாளில் இக்னேசியஸுக்கு ஆள் வந்தது.

பங்களாவுக்குப் போனபோது மேசைமேல் ஒரு துணி விரித்து, அதில் இரண்டு ரிவால்வர்கள் கிடந்தன. ஒன்றை அவனுக்குத் தெரியும். துரை காட்டுக்குப் போகும்போது இடுப்பில் மாட்டும் சாதாரண ரிவால்வர். வருஷத்துக்கொரு தடவை அவன்தான் எண்ணெய் போடுவான். மற்றது அதைவிடப் பெரிது. தோட்டா நிற்கும் அதன் உருளையைச் சுற்றி, பாம்பு வளைந்து வளைந்து போன தடம்போல் பள்ளங்கள் வெட்டியிருந்தன. அப்படியொன்றை அவன் பார்த்ததே இல்லை.

தோட்டத்தில் பழகிய தமிழில் துரை பேசுவார். "இது சும்மா ரிவால்வர் இல்லே, இக்னேசியஸ். வேற சாதி. என் தம்பியோடது" என்றார்.

முதல் மகாயுத்தத்தில் பிரான்சு நாட்டுப் பதுங்குகுழியில் குண்டு விழுந்து செத்துப்போன தம்பி. ரிவால்வர் அப்போது அவன் இடுப்பில் உறையோடு இருந்தது. சாமான்களோடு வீட்டுக்கு வந்தது. அம்மா இருந்தவரை பெட்டியில் கிடந்து, பிறகு துரையிடம் வந்து சேர்ந்தது. துருப்பிடிக்கவில்லை, ஆனால் எங்கோ இறுகிப்போய், நாற்பது வருஷமாக அசையவில்லை. போருக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் தம்பி வீட்டுத் தோட்டத்தில் வைத்து அதைச் சுட்டுக்காட்டியதைத் துரை பார்த்திருக்கிறார். கப்பலேறுமுன் அதே மாதிரி ஒரு தடவை அது வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் ஆசை. தன் விரலால் இனிச் சுட முடியாதென்றும், பழுது பார்த்து இக்னேசியஸே சுட வேண்டுமென்றும் சொன்னார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசமென்று துரை பக்கத்துப் பக்கத்தில் வைத்து விளக்கினார். சாதாரண ரிவால்வரில் எல்லா வேலையும் விரலுக்குத்தான். விசையை இழுக்க இழுக்க உருளை சுற்றி அடுத்த தோட்டா குழாய்க்கு நேராக வரும். பின்னாலுள்ள சுத்தியல் நிமிரும். இழுத்து முடிந்ததும் சுத்தியல் விழுந்து தோட்டாவைத் தட்டும். ஒவ்வொரு தடவையும் விரல் அந்தப் பாரம் முழுவதையும் இழுத்தாக வேண்டும். அதனால் அது தவறுதலாக வெடிப்பது குறைவு, வெடிக்காமல் தடுக்கும் பூட்டும் வைக்கவில்லை.

இந்த வேற சாதியோ இரண்டு பாகமாக இருந்தது. கைப்பிடியுள்ள கீழ்ப்பாகம் ஒன்று. அதன்மேல் தண்டவாளத்தில் வண்டி ஓடுவதுபோல் ஓடும் மேல்பாகம் ஒன்று. குழாயும் உருளையும் அதில். தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்குமல்லவா? அந்த உதையில் மேல்பாகம் பின்னுக்கு ஓடும். ஓடும்போதே சுத்தியலை நிமிர்த்திவிடும். கீழ்ப்பாகத்தில் நிற்கும் ஒரு சின்னக் குமிழ், உருளையின் வளைந்த பள்ளத்துக்குள் புகுந்திருக்கும். மேல்பாகம் பின்னே போகையில் குமிழ் பள்ளத்தைத் தள்ள, உருளை அடுத்த தோட்டாவுக்குப் பாதி தூரம் திரும்பும். உள்ளேயுள்ள சுருள்வில் அதை முன்னே தள்ளுகையில் மீதியும் திரும்பி, அடுத்த தோட்டா வந்து நிற்கும். விரல் லேசாகத் தொட்டால் போதும். முதல் தடவை மட்டும் மேல்பாகத்தைக் கையால் பின்னே தள்ளித் தயாராக்க வேண்டும். எப்போதும் தயாராக நிற்பதால், இடப்பக்கம் பெருவிரல் படுமிடத்தில் ஒரு பூட்டும் வைத்திருந்தார்கள்.

இக்னேசியஸுக்கு மனசு துள்ளியது. உதைக்கிற மாட்டைத் திட்டிக்கொண்டிராமல் செக்கில் கட்டிவிட்டவன் கெட்டிக்காரனுங்க, என்றான். துரை சிரித்தார். பிறகு, சுடும்போது கெட்டியாகப் பிடிக்கணும், தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான், என்றார்.

ஸ்டோரின் பட்டறை மேசையில் வைத்து அவன் அதைக் கழற்றினான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து உருளையை எடுத்தபோது காரணம் தெரிந்தது. வளைந்த பள்ளங்களில் மண் அடைத்துக் கல்லாய்க் கிடந்தது. முள்வாங்கியால் சுரண்டினான். ஊசிமலை மண் கறுப்பும் செம்மையுமாக இருக்கும். இது வெளுப்பு, சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்ததுபோல. எங்கேயோ ஒரு குழிக்குள் மழையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு பையனின் இடுப்பில் ஒட்டிய மண் என்று அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஊதித் தள்ளப் போனவன் நிறுத்தினான். ஒரு துண்டுக் காகிதத்தில் அவ்வளவையும் சேர்த்து மடித்தான்.

மறுநாள் அதைக் கொடுத்தபோது துரை முதலில் மருந்துப் பொட்டலம் என்று நினைத்துவிட்டார். விரித்துப் பார்த்தார். இது உள்ளே இருந்துச்சுங்க, நம்ம மண்ணு இல்லீங்க, என்று மட்டும் இக்னேசியஸ் சொன்னான். துரை காகிதத்தைத் திரும்ப மடிக்கப் பார்த்தார். கோணிய விரல்களுக்கு வராமல் தடுமாறினார். தேத்தண்ணி கொண்டுவந்த சுகிர்தம் தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காகிதத்தை வாங்கி மடித்து அவர் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

சுட்டுப் பார்க்க, பங்களாவுக்குப் பின்னால் மண் சரிந்து சுவர்போல் நின்ற ஓர் ஓடைக்கரையைத் துரை தேர்ந்தெடுத்தார். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இக்னேசியஸ் கைப்பிடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேல்பாகத்தைத் தள்ளித் தயாராக்கி, பூட்டை நீக்கி, கையை நீட்டி, விசையைத் தொட்டான். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. மறுபடி தொட்டான். ஒன்றுமில்லை. சுத்தியல் நிமிரவே இல்லை. உருளை பாதி வழியில் நின்றிருந்தது.

எண்ணெய் போட்டுத் திரும்ப முயன்றான். அதே கதைதான். முதல் தோட்டா வெடிக்கும், இரண்டாவதற்கு வராது. வியர்த்துவிட்டது அவனுக்கு. பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் துரை. அவர் பார்வை துப்பாக்கிமேல் இல்லை, அவன் மணிக்கட்டின்மேல் ஒரு கணம் நின்று விலகியது. அதைப் பார்க்காததுபோல் இக்னேசியஸ் பாசாங்கு செய்தான்.

பட்டறையில் அவன் கைப்பிடியை மரத்துண்டுகளுக்கிடையில் வைத்து, மேசையில் பூட்டியிருந்த இரும்பு வைஸில் இறுக்கினான். மேல்பாகத்தைத் தள்ளிப் பார்த்தான். வெண்ணெய்போல் ஓடியது. சுத்தியல் நிமிர்ந்தது, உருளை அழகாகச் சுற்றி வந்து நின்றது. எத்தனை தடவை தள்ளினாலும் பிசகில்லை. பிறகு வைஸிலிருந்து எடுத்து, உடம்பில் அணைக்காமல் தன் வலக்கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, இடக்கையால் மேல்பாகத்தைத் தள்ளினான். மேல்பாகம் நகருமுன்னே அவன் கை பின்னால் போயிற்று.

விஷயம் அதுதான். மேசையை யாராவது பிடித்திருந்தால்தான் அதன் இழுப்பறை திறக்கும். மேசையே கூடவே நகர்ந்தால் இழுப்பறை எப்படித் திறக்கும்? கீழ்ப்பாகம் கையில் அசையாமல் நின்றால்தான் மேல்பாகம் அதன்மேல் ஓட முடியும். கை இடங்கொடுத்தால் உதை முழுவதும் கையோடு போய்விடும். விரலால் மட்டும் ஓடும் சாதாரண ரிவால்வர், பிடித்தவன் கை எப்படியிருந்தாலும் அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்துவிடும். இதற்கு மட்டும் கெட்டியான கை வேண்டும். தான் கெட்டியாகப் பிடித்திருப்பதாக அவன் நம்பியிருந்தான். அதுதான் அவனை உலுக்கியது. இருக்கும் பலம் முழுவதையும் போட்டுத்தான் பிடித்திருந்தான்.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். துரையிடம் என்ன சொல்வது? வில் தளர்ந்துபோச்சு, இந்தத் தேசத்தில் கிடைக்காது என்று சொல்லிவிடலாம். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? ஆனால் ஒரு நல்ல இயந்திரத்தின்மேல் பழி போடுவது அவனுக்கு ஆகாத காரியம். அதுவும் அந்தப் பையனுடைய இயந்திரத்தின்மேல்.

ஓடைக்கரைக்கு அடுத்த நாள் போனபோது அவனுக்கு எந்த முடிவும் இல்லை. பனி விலகாத காலை. சுகிர்தம் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு வந்து ஒதுங்கி நின்றாள். அவன் சுட்டான், முதல் தோட்டா வெடித்தது, அடுத்ததற்கு வரவில்லை. துரை தடியை ஊன்றிக்கொண்டு பொறுமையாகப் பார்த்திருந்தார்.

"வில்லு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான் இக்னேசியஸ்.

சுகிர்தம் பிளாஸ்கைப் புல்லில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தொரை, நான் ஒரு தடவ புடிச்சுப் பாக்கட்டுங்களா?"

துரை அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தலையசைத்தார்.

இக்னேசியஸ் அவள் பின்னால் நின்று, குழாயை மண்சுவரை நோக்கியே வைத்திருக்கச் சொன்னான். பூட்டு எங்கே, விசை எங்கே என்று காட்டினான். விரலால் தொட மட்டும் செய், இழுக்காதே என்றான். மேல்பாகம் பின்னே வரும், பெருவிரலை மேலே தூக்காதே என்றான். குரல் பட்டறையில் பேசும் குரலாகவே இருந்தது. அதில் அவனுக்கே ஆச்சரியம். பிறகு அவனே தோட்டாக்களைப் போட்டு, மேல்பாகத்தைத் தள்ளி, அவள் இரண்டு கைக்குள்ளும் வைத்தான். அம்மிக் குழவியைப் பிடிப்பதுபோல் அவள் பிடித்தாள். காலை அகட்டி நின்றாள்.

முதல் வெடியில் தோள் குலுங்கியது, கை குலுங்கவில்லை. மேல்பாகம் பின்னே ஓடி முன்னே வந்தது. உருளை திரும்பி நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் மறுபடி தொட்டாள். மறுபடி. இரும்பு தன் வேலையைத் தானே செய்துகொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் உருளை தத்தித் தத்தித் திரும்புவதை இக்னேசியஸ் வாய் பிளந்து பார்த்தான். ஆறும் முடிந்தது. மண்சுவரிலிருந்து புழுதி மெல்ல இறங்கியது. எங்கோ கீழே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூவிக் கேட்டார்கள், என்ன சத்தமென்று.

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றி, வெறுமனே அதைப் பார்த்தார். தம் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, பிறகு தமிழில், தம்பி இப்படித்தான் சுட்டான், ஆறையும் ஒரே மூச்சில், என்றார். கொஞ்சநேரம் போனபின் இக்னேசியஸின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் கையும் போச்சு, உன் கையும் போச்சு. இல்லே?" என்றார், சுகிர்தத்தின் காதில் விழாத குரலில்.

இக்னேசியஸ் ஆமென்று தலையாட்டினான். இத்தனை வருஷத்தில் அவன் அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

லயத்துக்குத் திரும்பும் குறுக்குப் பாதையில் அவன் முன்னே, அவள் பின்னே நடந்தார்கள். தேயிலைச் செடியின் ஈரம் இரண்டுபேர் காலையும் நனைத்தது. வளைவில் அவன் நின்றான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"செசிலிய எடக் கையாலயே தூக்க ஆரம்பிச்சீங்களே, அப்பவே."

"அது ரெண்டு வருசமாச்சே புள்ள."

"ஆமா."

கேட்டிருக்கலாமே என்றான் அவன். கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பீர்கள், அப்புறம் என்னிடமும் நடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், வீட்டிலாவது சும்மா இருக்கட்டுமென்று விட்டுவிட்டேன் என்றாள் அவள். தண்ணீர்க் குடத்தைத் தானே சுமந்து வந்தால் தன் முதுகுவலி தேவலையாகும் என்று அவள் சொன்ன சாக்கு, கனமான செம்புப் பானையைத் தன் சித்திக்குக் கொடுத்துவிட்டு அலுமினியத்துக்கு மாறியது, பலாக்கொட்டை உடைப்பதைக்கூட அவன் வருமுன் முடித்து வைத்தது எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக அவனுக்கு விளங்கியது. அவன் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தபோது, அவள் அவனை ஏமாற விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்குப் பயமா இருந்துச்சு, சுகிர்தம்."

"தெரியும். கையக் குடுங்க."

கொடுத்தான். அந்தக் குறுக்குப் பாதையில் கணவன் மனைவி கைகோத்து நடப்பது வழக்கமில்லை. எதிரே விறகுக் கட்டோடு வந்த வீரய்யா வழிவிட்டு ஒதுங்கி, என்ன பிட்டரையா, சுகமில்லையா என்று விசாரித்தார். ஆமாம், கை கொஞ்சம் சரியில்லை என்று இக்னேசியஸ் பதில் சொன்னான்.

அந்த வாரமே அவன் டீமேக்கர் கந்தப்பனிடம் போய் உள்ளதைச் சொன்னான். கந்தப்பன் கடுகடுப்பான மனுஷர். இத்தனை நாள் ஓடுகிற இயந்திரத்தில் அந்தக் கையை விட்டிருக்கிறாயே, மறுபடி மாட்டியிருந்தால் யார் பதில் சொல்வது என்று நன்றாக ஏசினார். பிட்டர் வேலையை நானுஓயாவிலிருந்து வந்த ஒரு சிங்கள ஆளிடம் கொடுத்தார்கள். இக்னேசியஸை இன்ஜின் ரூமில், எண்ணெய் பார்த்து, சத்தம் கேட்டு, கோளாறு வருமுன் சொல்கிற ஆளாகப் போட்டார்கள். காம்பராவும் மாறிற்று, தனி அடுப்படி போனது. சிலநாள் அவன் யாரோடும் பேசாமல் திரிந்தான். பழைய பட்டறைப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக வேலைக்குப் போனான். புது பிட்டர் பியதாச நல்லவன். தமிழும் சிங்களமும் கலந்து, இந்த நட்டு எப்படி, அந்த வார் எப்படி என்று இன்ஜின் ரூமுக்கே வந்து கேட்க ஆரம்பித்தபின் அந்த மௌனம் மெல்லக் கரைந்தது.

துரை நானுஓயா ஸ்டேஷனில் ரயிலேறிய நாளில் இருவரும் போயிருந்தார்கள். ரிவால்வரைப் போலீஸ் அனுமதியோடு பெட்டியில் வைத்திருந்தார். அவர் கைகொடுக்க நீட்டியது கோணிய கை. இக்னேசியஸ் நீட்டியது பலமில்லாத கை. இரண்டும் சரியாகப் பற்றிக்கொள்ள வரவில்லை. துரை சிரித்துவிட்டு, இன்னொரு கையையும் மேலே வைத்துக்கொண்டார்.

கை அதற்குப்பின் தேறவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் நரம்புக் கோளாறு என்றார்கள். அறுபத்துமூன்று வாக்கில் வலக்கை விரல்கள் அநேகமாக ஓய்ந்துவிட்டன. ஆனால் இன்ஜின் சத்தத்தில் ஒரு முனகல் கூடினாலும் அவன் காதுக்குத் தப்பாது. அந்த வருஷங்களில் ஊசிமலை ஸ்டோரில் ஒரு விபத்தும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் புறப்படும்போது அவன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு காம்பரா வாசலில் வந்து நிற்பான். உள்ளே வெளிச்சம் போதாது. சுகிர்தம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கழுத்திலிருந்து கீழாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிடுவாள். லயமே போக வர இருக்கும். முதலில் சிலர் கேலி பேசினார்கள். அவன் முகவாயைத் தூக்கிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை அசையாமல் நிற்பான்.